சிறு கடைக்குப் பதிவு எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள், இவர்களுக்கு முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பதிவுகள் எழுதிக் கொடுப்பது என் வேலை. எண்ணெய்ச் செக்கு, மாவுக் கடை, தையல் கடை, பலகாரம் சுட்டு விற்கும் வீடுகள் என்று பல இடங்களில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். எங்கே போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே பதிலோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

யாரும் நின்று படிப்பதில்லை. முதல் வரியில் என்னதான் எழுதுவது?

அன்றைக்கு உங்கள் கடையில் நடந்த ஒன்றை எழுதுங்கள்.

ஒரு மரச்செக்குக் கடைக்காரர் என்னிடம் வந்தபோது அவர் வழக்கமாகப் போட்டுவந்த பதிவு இதுதான்: “எங்களிடம் பாரம்பரிய முறைப்படி வாகை மரச்செக்கில் கலப்படமின்றி சுத்தமான முறையில் ஆட்டப்பட்ட தரமான நல்லெண்ணெய் கிடைக்கும்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஊரில் எண்ணெய் விற்கிற அத்தனை பேரும் இதையே போடுகிறார்கள். பாரம்பரியம், தரம், சுத்தம் என்கிற சொற்களை மக்கள் ஆயிரம் முறை பார்த்துவிட்டார்கள். கண் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

அவர் கடைக்குப் போய் ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். எள்ளு அரைபடும்போது கருப்பட்டியை உடைத்துப் போடுகிறார். எண்ணெய் பிரிந்து வரும்போது கலங்கலாக இருக்கிறது. அதை வாயகன்ற பாத்திரங்களில் ஊற்றி, மேலே வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வைக்கிறார். இரண்டு மூன்று நாளில் மண்டி அடியில் தங்கி எண்ணெய் தெளிகிறது. அன்றைக்கு மேகமூட்டம். ஒரு அம்மா பாட்டிலோடு வந்தார். “இன்னும் தெளியலைம்மா, வியாழக்கிழமை வாங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் கடைக்காரர்.

அதையே பதிவாக எழுதினோம். “திங்கட்கிழமை ஆட்டிய நல்லெண்ணெய் இன்னும் தெளியவில்லை. வெயில் போதவில்லை. வியாழக்கிழமைக்கு மேல் வாங்க வாருங்கள்.” கீழே, துணி கட்டிய பாத்திரத்தின் படம். அவ்வளவுதான். அந்தப் பதிவின் கீழே வந்த முதல் கேள்வி, “வெயிலில் எதற்கு வைக்கிறீர்கள்?” இரண்டாவது, “எனக்கு இரண்டு லிட்டர் எடுத்து வைக்க முடியுமா?”

தரமான எண்ணெய் என்று அந்தப் பதிவில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் தெளியாத எண்ணெயை விற்கமாட்டார் என்பது படிப்பவருக்குத் தானாகவே புரிந்துவிட்டது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பதிவிலிருந்து உங்கள் கடைப் பெயரை எடுத்துவிட்டு, அடுத்த தெருக் கடையின் பெயரைப் போடுங்கள். அப்போதும் பொருந்துகிறது என்றால் அந்தப் பதிவு வேண்டாம், வேறு எழுதுங்கள்.

முழு விவரமும் எழுதுகிறேன். ஆனாலும் படித்தவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்களே?

தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா, திறப்பார்களா மாட்டார்களா என்பதெல்லாம் வாக்கியம் முடிகிற இடத்தில்தான் தெரியும். முகநூலும் இன்ஸ்டாகிராமும் இரண்டு மூன்று வரியோடு பதிவை மடித்து, மிச்சத்தை ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. ஆக, நீளமான தமிழ் வாக்கியம் மடிக்கப்படும்போது முக்கியமான சொல்தான் முதலில் மறைகிறது.

ஒரு மாவுக் கடையில் நடந்தது இது. அவர்கள் போட்ட பதிவு: “அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை நமது கடையில் இட்லி மாவு, அடை மாவு, ராகி மாவு ஆகியவற்றின் விற்பனை குலதெய்வக் கோவில் பயணத்தை முன்னிட்டு நடைபெறாது.” பாதியோடு மடிந்த பதிவைப் பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் மாவு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். தூக்குவாளியோடு வந்து, பூட்டின ஷட்டர் முன்னால் நின்றுவிட்டுப் போனார்கள்.

அதை எப்படி எழுதியிருக்கலாம்? “ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. குலதெய்வக் கோவிலுக்குப் போகிறோம். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு மாவு தயாராக இருக்கும்.” மூன்று சின்ன வாக்கியம். ஒவ்வொன்றும் தன் வேலையை முடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கே மடித்தாலும் சேதி கெடாது.

ஆகப்பட்ட, செய்யப்பட்ட, முன்னிட்டு, பொருட்டு என்று வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போகிற பழக்கம் அரசாங்க அறிவிப்புகளிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி எளிய சொல்லும் சின்ன வாக்கியமுமாக எழுதித்தான் டீக்கடை பெஞ்சு வரை போய்ச் சேர்ந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கூட வாய்விட்டுப் படித்துப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல முடிந்தது. உங்கள் பதிவையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள்.

எக்ஸ் தளத்தில் கொஞ்சம் எழுதினாலே இடம் தீர்ந்துவிடுகிறது. ஏன்?

ட்விட்டர் என்ற பெயரில் இருந்தபோதே, 2017 நவம்பரில், 140 எழுத்து என்ற எல்லையை 280 ஆக்கினார்கள். ஆனால் கணினி எண்ணுவதும் நாம் எண்ணுவதும் ஒன்றல்ல. புள்ளி, கொம்பு, கொக்கி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. அதற்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ‘நல்லெண்ணெய்’ நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. கட்டணம் கட்டாத கணக்கில் ஏறக்குறைய 30 சொல்லுக்குள் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இன்ஸ்டாகிராமில் 2,200 வரை இடம் உண்டு என்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

பேச்சுத் தமிழில் எழுதலாமா? தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால்தான் இளைஞர்கள் படிப்பார்கள் என்கிறார்களே?

கல்லாவில் நின்று வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவீர்களோ அதற்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ் போதும். “வாங்க, எடுத்து வெச்சிருக்கோம்” என்று பேசுகிற கடை, பதிவில் மட்டும் “தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்குகிறோம்” என்று எழுதினால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. அதே சமயம் முழுப் பேச்சு வழக்கை நாலு வரிக்கு மேல் படிப்பது கண்ணுக்குச் சிரமம். நான் வாக்கியத்தை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் பேச்சை விடுவேன். ‘வாங்க’, ‘கேளுங்க’ என்று கூப்பிடுகிற இடங்களில் அது அழகாக உட்காரும்.

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பதைப் பற்றி என் கருத்து உறுதியானது. பதிவைத் தமிழ் எழுத்திலேயே போடுங்கள். ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் ஒருவர் தமிழில் தேடும்போது அது கிடைக்கும். ஐம்பது அறுபது வயதுக்காரர்கள், உங்கள் எண்ணெயையும் மாவையும் வாங்குகிறவர்கள், நிம்மதியாகப் படிப்பார்கள். கமெண்டில் ஒரு பையன் ஆங்கில எழுத்தில் கேட்டால், பொறுமையாகத் தமிழில் பதில் சொல்லுங்கள். அவருக்கும் புரியும்.

‘அதிர்ச்சி!’, ‘கடைசி வரை படியுங்கள்’, ‘ஷேர் செய்தால் நல்லது நடக்கும்’ இப்படிப் போட்டால் நிறையப் பேர் பார்க்கிறார்களே?

ஒருமுறை பார்ப்பார்கள். “இந்தக் கடிதத்தைப் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பினால் நினைத்தது நடக்கும், கிழித்துப் போட்டால் கெடுதல் வரும்” என்று ஒரு காலத்தில் வீடுகளுக்குத் தபால் கார்டு வரும். பயந்துபோய் எழுதி அனுப்பியவர்கள் உண்டு. ஆனால் எழுதச் சொன்ன ஆளை ஒருவரும் நம்பியதில்லை. கடை நடத்துகிறவருக்கு நம்பிக்கை போனால் திரும்ப வராது.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. லைக் போடு, நண்பரை டேக் பண்ணு, ஷேர் பண்ணினால் பரிசு என்று கெஞ்சுகிற பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக முகநூல் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. கேள்வி கேட்பது வேறு. “உங்க வீட்டில் அடைக்கு என்ன தொட்டுக்கொள்வீர்கள்? வெல்லமா, அவியலா?” என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆசைப்பட்டு ஜனங்கள் தாங்களாக எழுதுவார்கள்.

ஆவலைத் தூண்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. தூண்டினால் அதே பதிவில் தீர்த்துவையுங்கள். “ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஏன் இந்த விலை?” என்று தொடங்கினால், அடுத்த வரியிலேயே கணக்கைச் சொல்லிவிட வேண்டும். மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள்ளு வேண்டும். அன்றைய எள்ளு விலையை அதோடு பெருக்குங்கள், கருப்பட்டி விலை, ஆட்டுக்கூலி, பாட்டில் விலை சேருங்கள், பிண்ணாக்கு விற்றுக் கிடைப்பதைக் கழியுங்கள். செக்குக் கடைக்காரர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் தன் கையால் எழுதி, அதைப் படம் பிடித்துப் போட்டார். நான் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

படத்தின் மேலேயே எழுத்தைப் போடலாமா?

கடைப் பெயர், தேதி, விலை போடலாம். முழுச் சேதியையும் படத்துக்குள் திணித்துவிடாதீர்கள். பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிற செயலிகள் படத்தில் உள்ள எழுத்தைப் பல நேரம் விட்டுவிடும், தேடினாலும் சரியாகக் கிடைக்காது. அப்புறம், தமிழ்ச் சொல் நீளமானது. ‘தயாரிக்கப்படுகிறது’ என்ற ஒரே சொல் போன் திரையில் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். சில வடிவமைப்புச் செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். படத்தைச் சேமிப்பதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

போன் லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். பலகாரக் கடையில் எடுக்கிற படம் மங்கலாக இருப்பதற்குப் பாதிக் காரணம் எண்ணெய்க் கைதான்.

எத்தனை ஹேஷ்டேக் போட வேண்டும்?

மூன்று நான்கு. #மதுரை என்று மட்டும் போட்டால் கடலில் கரைத்த பெருங்காயம். ஊரும் பொருளும் சேர்ந்து வரட்டும்: #மதுரை_மரச்செக்கு. நடுவில் இடைவெளி விட்டால் அங்கேயே அறுந்துபோகும், அதனால் கீழ்க்கோடு போட்டு ஒட்டுகிறோம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் போட்டால் போதாதா?

சின்னக் கடைக்கு அதுதான் முதல் இடம் என்பேன். முகநூலில் முகம் தெரியாதவர்கள் பார்ப்பார்கள். ஸ்டேட்டஸைப் பார்ப்பவர் உங்கள் நம்பரை வைத்திருப்பவர், நாளைக்கே வரக்கூடியவர். ஆனால் 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும். ஆகவே அன்றன்றைக்கு உரியதை அதில் போடுங்கள்: “இன்று அதிரசம் 40 மட்டும் இருக்கிறது”, “மழையால் மாலை 7 மணிக்கே கடை சாத்துகிறோம்.” விலைக் கணக்கு, செய்முறை போல நிற்க வேண்டியவை முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் போகட்டும்.

ஒரு பட்டியல் வைத்து மொத்தமாக அனுப்புகிற பிராட்காஸ்ட் வசதியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் பில் போடும்போதே, “நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க, புது எண்ணெய் தெளிந்ததும் சொல்கிறோம்” என்று சொல்லிவிடுங்கள். காலை வணக்கப் படங்களை அதில் அனுப்பாதீர்கள். இரண்டாவது வாரமே உங்களை மியூட்டில் போட்டுவிடுவார்கள்.

பதிவுகளை முன்கூட்டியே எழுதி, தானாகப் போகும்படி வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் தினமும் காலையில் ஒருமுறை திறந்து பாருங்கள். 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீரில் நின்றது. அந்த நேரத்தில் சென்னையில் இருந்த ஒரு துணிக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த சலுகைப் பதிவு, முந்தைய வாரமே நேரம் குறித்து வைத்தது, அப்படியே வெளியே போய்விட்டது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மொட்டை மாடியில் நிற்கிறவர் திரையில், சிரிக்கிற பெண்ணும் தள்ளுபடியும். “எங்க ஏரியாவுக்குப் பால் கொண்டுவர முடியுமா?” என்று அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். தவறு என்னுடையது. பதிவை எடுத்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டு, கடை மாடியில் தங்க இடமும் போன் சார்ஜ் போட வசதியும் இருக்கிறது என்று எழுதினோம். அந்தப் பால் கேட்டவர் முகவரிக்கு யாராவது போனார்களா என்று இன்றுவரை எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

சர்க்கரை குணமாகும், மூட்டுவலி போகும் என்று எழுதினால் விற்பனை கூடுகிறது. எழுதலாமா?

கூடாது. சர்க்கரை நோய் உட்படப் பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். உங்கள் கஞ்சி மாவை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதில் என்ன தானியம், எப்படி வறுத்தது, என்றைக்கு அரைத்தது என்று எழுதுங்கள். அதுவே போதும்.

ஊர்ப் பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்பதாகப் பதிவு போடாதீர்கள்.

காசு கொடுத்து ஒருவரைப் பாராட்டிப் பேச வைத்தால்?

அது விளம்பரம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் இதற்கு வழிமுறை கொண்டுவந்திருக்கிறது. ‘விளம்பரம்’ என்ற சொல் பதிவின் தொடக்கத்திலேயே இருக்கட்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைப்பது சரியில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறதே?

தரும். பிழை திருத்தவும், நீண்டதைச் சுருக்கவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கடையில் இன்றைக்கு வெயில் போதவில்லை என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லவில்லை என்றால் அது மறுபடியும் பாரம்பரியம், தரம், சுவை என்றுதான் தொடங்கும். முதலில் நடந்ததை நீங்கள் நாலு வரி சொல்லுங்கள், பிறகு அதைக் கூப்பிடுங்கள்.

லைக் நிறைய வருகிறது, ஆள் வரவில்லை. எதை வைத்து ஒரு பதிவு நன்றாக இருந்தது என்று சொல்வது?

செக்குக் கடைக்காரர் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். போனிலோ நேரிலோ யாராவது, “நீங்க போட்டதைப் பார்த்தேன்” என்று சொன்னால், எந்தப் பதிவு என்று கேட்டு அதற்கு நேராக ஒரு கோடு போடுவார். தீபாவளி வாழ்த்துப் பதிவுக்குத்தான் லைக் அதிகம். அதற்கு நேராக ஒரு கோடுகூட இல்லை. தெளியாத எண்ணெய்க்கு ஏழு கோடு. கையால் எழுதிய விலைக் கணக்குக்குப் பதினாறு கோடும், ஓரத்தில் பென்சிலில், “பிண்ணாக்கு கேட்டு 3 பேர்” என்றும் எழுதியிருந்தது. மாடு வைத்திருப்பவர்களும் அவர் பதிவைப் படிக்கிறார்கள் என்பது அதுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது. அடுத்த வாரப் பதிவு பிண்ணாக்கைப் பற்றி.